புள்ளி விழுந்த மணியும் தாவும் ஜீனும்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



மக்காச்சோளக் கதிரின் மட்டையை உரிக்கும்போது சில சமயம் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் மணிகளுக்கு நடுவே ஊதா மணி நாலு, வெள்ளை மணி ரெண்டு என்று கலந்து கிடக்கும். "என்னங்க சார் இது, விதையிலே கலப்படமா?" என்று கதிரைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தவர்கள் உண்டு. மணிக்கு மணி நிறம் வேறானால் அது பெரும்பாலும் பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்த மகரந்தத்தின் வேலை. அதை இன்றைக்கு விட்டுவிடுவோம். அபூர்வமாக இன்னொரு வகைக் கதிர் உண்டு. அதில் ஒரே மணிக்குள்ளேயே வெளிறிய தோலின் மேல் ஊதாப் புள்ளி தெளித்திருக்கும், காடை முட்டை மாதிரி. சில மணியில் பெரிய திட்டு, சில மணியில் ஊசிமுனை அளவுப் பொட்டு.

இன்றைய பேச்சு அந்தப் பொட்டைப் பற்றித்தான். அதன் காரணத்தைத் தேடி ஓர் அம்மையார் தம் வயலில் உட்கார்ந்தார். நெல், மக்காச்சோளம், சோளம், கோதுமை ஆகிய நம் புல் குடும்பப் பயிர்கள் இன்றைக்கு இருக்கிற உருவத்துக்கு எப்படி வந்தன என்ற கேள்விக்கு அந்த வயலிலிருந்து ஒரு வழி போகிறது. கொஞ்சம் சுற்று வழிதான். பொறுமையாகக் கூட வாருங்கள்.

செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்ற நூல் போன்ற பொருள் இருக்கிறது. நெல்லில் 12 ஜோடி, மக்காச்சோளத்தில் 10 ஜோடி. அந்த நூல் நெடுக டி.என்.ஏ. என்னும் ரசாயன எழுத்து. அதில் ஆங்காங்கே வருகிற பொருளுள்ள வாக்கியம்தான் ஜீன், அதாவது மரபணு. மணிக்கு நிறம் கொடுப்பது ஒரு ஜீன், தண்டைக் குட்டையாக்குவது ஒரு ஜீன், இப்படி. ஜபமாலையில் மணி கோத்த மாதிரி ஒவ்வொரு ஜீனும் தனக்கென்று உள்ள இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்றுதான் 1940-கள் வரை விஞ்ஞானிகள் நம்பினார்கள். நம்பியதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுவரை செய்த கலப்புச் சோதனைகள் எல்லாம் அப்படித்தான் காட்டின.

ஆனால் புள்ளி விழுந்த மணி அந்தக் கணக்கில் அடங்கவில்லை. 1914-லேயே எமர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கோடு கோடாக நிறம் ஓடிய மக்காச்சோள மணிகளை ஆராய்ந்து, நிறத்துக்கான ஜீன் செடி வளர்கிறபோதே மாறிக்கொள்கிறது என்று எழுதினார். ஏன் மாறுகிறது என்பதற்குத்தான் விடை கிடைக்காமல் இருந்தது.

எமர்சன் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றவர் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார். பிறந்தது 1902. மக்காச்சோளக் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்வதில் அவருக்கு ஈடு இல்லை. 1931-இல் ஹாரியட் கிரெய்டன் அம்மையாருடன் சேர்ந்து, பண்புகள் இடம் மாறிக் கலக்கும்போது குரோமோசோம் துண்டுகளும் நிஜமாகவே இடம் மாறுகின்றன என்று நிரூபித்தார். அந்த ஒன்றே போதும், பெயர் நிலைக்க. ஆனாலும் நிரந்தரமான வேலை ஓரிடத்தில் அமைய ரொம்ப நாள் ஆயிற்று. கடைசியில் 1941-இல் நியூயார்க் அருகே கடலோரம் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய வயல். விதைப்பது, களை எடுப்பது, கதிருக்கும் பூங்கொத்துக்கும் பை கட்டுவது, நேரம் பார்த்து மகரந்தம் தட்டுவது என்று பெரும்பாலான வேலையைத் தன் கையாலேயே செய்தார். வருஷத்துக்கு ஒரு பட்டம்தான் பயிர் வைக்க முடியும். கதிர் முற்றி, மணியை எண்ணிக் குறித்துக்கொண்டால், அதன் மேல் எழும் அடுத்த கேள்விக்கு அடுத்த வருஷம்தான் பதில். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்கிறோம். இது நாம் செய்கிற அதே வேலைதான், குறிப்பேடு மட்டும் கூடுதல்.

1944-45 குளிர்காலத்தில் அவர் முளைக்கவைத்த நாற்றுகளில் விசித்திரமான கோடுகளும் திட்டுகளும் தென்பட்டன. அந்தச் செடிகளின் 9-ஆம் குரோமோசோம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஒடிவதைக் கண்டார். அந்த இடத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை நாம் 'உடைப்பி' என்று சொல்லிக்கொள்வோம். உடைப்பி தனியாக ஒன்றும் செய்யாது. 'தூண்டி' என்று இன்னொரு துண்டு அதே செடியில் இருந்தால்தான் அது வேலை செய்யும். 1948 வாக்கில் கணக்கு சரியாக விழுந்தது. உடைப்பியும் தூண்டியும் ஓரிடத்தில் நிலையாக இல்லை. இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்பி, குரோமோசோமில் வேறு இடத்தில் போய் நுழைந்துகொள்கின்றன!

இப்போது நம் புள்ளிக்கு வருவோம். உடைப்பி போய் நிறத்துக்கான ஜீனுக்கு நடுவில் நுழைந்தால், வாய்க்காலில் பாறாங்கல் விழுந்த மாதிரி அந்த ஜீன் நின்றுபோகும். மணி வெளிறிவிடும். மணி வளர்ந்துகொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு செல்லில் தூண்டி அதை எழுப்பிவிட, உடைப்பி அங்கிருந்து கிளம்பிவிடுகிறது. கல் எடுத்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும் இல்லையா? அந்தச் செல்லும் அதிலிருந்து பெருகும் செல்கள் எல்லாமும் ஊதாவாகிவிடும். முன்கூட்டியே கிளம்பினால் பெரிய திட்டு. கடைசி நேரத்தில் கிளம்பினால் சின்னப் பொட்டு. மணியின் தோலைப் பார்த்தே, எந்தச் செல்லில் எப்போது எது நடந்தது என்று படித்துவிடலாம். மைக்ராஸ்கோப்பில்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டின் நடமாட்டத்தை ஒருவர் கதிரைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

1950-இல் இதை எழுதினார். 1951-இல் அதே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் பேசினார். சரியான வரவேற்பு இல்லை. அவரை எல்லாரும் பைத்தியக்காரி என்று கேலி செய்தார்கள், யாருமே நம்பவில்லை என்று ஒரு கதை பரவியிருக்கிறது. அது கொஞ்சம் மிகை. மக்காச்சோளத்தில் துண்டுகள் தாவுகின்றன என்பதை அந்தப் பயிரை அறிந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பீட்டர் பீட்டர்சன் என்பவரே 1953-இல் தனியாக இன்னொரு தாவும் துண்டைக் கண்டுபிடித்தார். அதுவும் மெக்ளின்டாக் அம்மையார் தம் வயலில் கண்ட ஒரு துண்டும் ஒன்றேதான் என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் பிணக்கு எங்கே வந்தது? இந்தத் துண்டுகள் வெறுமனே அலைகிறவை அல்ல, பக்கத்து ஜீன்களைத் திறந்தும் மூடியும் ஆட்டிவைக்கின்றன என்றார் அம்மையார். அதனால் அவற்றுக்குக் 'கட்டுப்படுத்தும் கூறுகள்' என்று பெயர் வைத்தார். செடி விதையிலிருந்து கதிர் வரை வளர்வதே இவற்றின் ஆட்சியில்தான் என்கிற அளவுக்குப் போனார். அங்கேதான் மற்றவர்கள் கூட வரவில்லை. கொஞ்ச காலத்தில் அவரும் பத்திரிகைகளில் விரிவாக எழுதுவதை விட்டுவிட்டு, தம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் குறித்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

1960-களின் இறுதியில் பாக்டீரியாவிலும் தாவும் துண்டுகள் அகப்பட்டன. பிறகு ஈயிலே, ஈஸ்ட்டிலே என்று எங்கே தேடினாலும் கிடைத்தன. 1983-இல், 81-ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு அம்மையாருக்குக் கிடைத்தது. யாரோடும் பங்கு போடாமல் முழுப் பரிசு. ஆனால் கவனியுங்கள். பரிசு, துண்டு தாவுகிறது என்ற கண்டுபிடிப்புக்கு. அவை ஜீன்களை ஆள்கின்றன என்ற அவருடைய பெரிய வாதம் அப்போதும் தொங்கலில்தான் இருந்தது.

சொல்லப்போனால் காற்று எதிர்ப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. உயிரினங்களின் டி.என்.ஏ.வில் ஜீனே அல்லாத பகுதி ஏராளமாக இருப்பது தெரிந்ததும், 1972-இல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி அதைக் 'குப்பை' என்றார். 1980-இல், தாவும் துண்டுகள் தங்களைப் பெருக்கிக்கொள்வது ஒன்றையே செய்கிற 'சுயநல டி.என்.ஏ.' என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். வயலில் களை இருக்கிறதே, அது யாருக்காக முளைக்கிறது? தனக்காகத்தான். அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1990-களில் மக்காச்சோள டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு, அதன் மேல் வேறொன்று என்று போர் அடுக்கிய மாதிரி குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் இந்தக் குவியலால் மட்டுமே மக்காச்சோள டி.என்.ஏ.வின் அளவு இரட்டிப்பாகியிருக்கிறதாம்! 2009-இல் மக்காச்சோளத்தின் எழுத்து முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 230 கோடி எழுத்து. அதில் ஏறத்தாழ 85 சதவிகிதம் தாவும் துண்டுகள்தான். 2005-இல் பல நாட்டார் கூடி நெல்லின் எழுத்தைப் படித்து முடித்தார்கள். இந்தியாவும் அதில் சேர்ந்து 11-ஆம் குரோமோசோமில் பங்கெடுத்துக்கொண்டது. நெல்லில் 39 கோடி எழுத்துத்தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இந்தத் துண்டுகள்.

"அட, நூற்றுக்கு எண்பத்தஞ்சு களையா? அப்போ பயிர் எப்படிப் பிழைக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். செடி சும்மா இருப்பதில்லை. இந்தத் துண்டுகளின் மேல் ரசாயன முத்திரை குத்தி வாயடைத்து வைத்துவிடுகிறது. பெரும்பாலானவை பழுதாகி, அசையாமல் கிடக்கின்றன. எனவே மெக்ளின்டாக் அம்மையார் சொன்னது சரியா, குப்பை என்றவர்கள் சொன்னது சரியா என்பதை மொத்தமாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் கிடைத்த மிக நல்ல சாட்சி மெக்சிகோவிலிருந்து வந்தது.

மெக்சிகோவில் தியோசின்ட் என்று ஒரு காட்டுப் புல் உண்டு. தூர் தூராகக் கிளைத்து, புதர் மாதிரி நிற்கும். கதிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். விரல் நீளத்தில் ஐந்து முதல் பன்னிரண்டு மணி, ஒவ்வொன்றும் கல் மாதிரி ஓட்டுக்குள். ஒற்றைத் தண்டும் முழங்கை நீளக் கதிருமாக நிற்கிற மக்காச்சோளத்துக்கு இதுதான் தாய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எமர்சனின் மாணவர் ஜார்ஜ் பீடில் 1930-களிலேயே இதைச் சொன்னார். ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர். அவர் வேறு ஆராய்ச்சியில் 1958-இல் நோபல் பரிசு வாங்கி, பிறகு ஓய்வும் பெற்ற பின், 1970-களின் தொடக்கத்தில் பழைய வழக்கை மறுபடி எடுத்தார். மக்காச்சோளத்தையும் தியோசின்ட்டையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடி வளர்த்தார். ஏறக்குறைய 500 செடிக்கு ஒன்று அசல் தியோசின்ட் மாதிரியும், 500-க்கு ஒன்று அசல் மக்காச்சோளம் மாதிரியும் வந்தன. ஆயிரக்கணக்கான ஜீன் வித்தியாசம் இருந்தால் இப்படி வரவே வராது. நாலைந்து பெரிய ஜீன்தான் இந்த இரண்டையும் பிரிக்கிறது என்று கணக்கிட்டார்.

அந்த நாலைந்தில் ஒன்றை 1997-இல் ஜான் டோப்ளி குழுவினர் கையில் பிடித்தார்கள். பக்க மொட்டு கிளைக்காமல் அடக்கி வைக்கும் ஜீன் அது. தியோசின்ட்டிலும் அது இருக்கிறது, மக்காச்சோளத்திலும் இருக்கிறது. ஆனால் மக்காச்சோளத்தில் சுமார் இரண்டு மடங்கு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. அதனால் பக்கக் கிளை அடங்கி, சத்தெல்லாம் ஒரு தண்டுக்கும் ஒன்றிரண்டு கதிருக்கும் போகிறது. ஜீன் ஒன்றேதான் என்றால் சுறுசுறுப்பு மட்டும் எங்கிருந்து வந்தது? 2011-இல் விடை கிடைத்தது. அந்த ஜீனிலிருந்து சுமார் 60,000 எழுத்து தள்ளி, ஒரு தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'ஹாப்ஸ்காட்ச்'. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் கட்டம் போட்டு நொண்டியடித்து ஆடுகிற பாண்டி ஆட்டம் இருக்கிறதே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பொருத்தமான பெயர்தான். அந்தத் துண்டு அங்கே நின்றதால், ஜீனின் மதகு இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது. தண்ணீர் பழைய தண்ணீரே, வாய்க்காலும் பழைய வாய்க்காலே, மதகின் பலகை மட்டும் உயர்ந்திருக்கிறது.

இதில் என் மனசுக்குப் பிடித்தது வேறொரு சங்கதி. ஹாப்ஸ்காட்ச் துண்டு எப்போது அங்கே வந்து விழுந்தது என்று கணக்குப் போட்டார்கள். மனிதர் மக்காச்சோளம் பயிரிடத் தொடங்கியது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னால், தென்மேற்கு மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில். துண்டு விழுந்ததோ, அதற்கும் குறைந்தது 10,000 ஆண்டு முந்தி! அதுவரை காட்டுத் தியோசின்ட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அது இருந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் சில தியோசின்ட் செடிகளில் இருக்கிறது. காட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. அதன் விலை தெரிந்தது பால்சாஸ் பள்ளத்தாக்கில் விதை பொறுக்கியவர்களுக்குத்தான். கிளை குறைந்து, கதிர் திரண்ட செடியைப் பார்த்து, "இதன் விதையை எடுத்து வை" என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாரே, அந்தக் கை வந்து தொட்ட பிறகுதான் அலைந்து திரிந்த துண்டு பயிரின் உறுப்பாயிற்று. இதை எழுதுகிறவர்கள் துண்டைப் புகழ்கிறார்கள், கண்டுபிடித்தவர்களைப் புகழ்கிறார்கள். விதை எடுத்து வைத்தவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் அதே மாதிரி. மக்காச்சோளம் பிறந்தது பகல் அதிகம் நீளாத வெப்ப நாட்டில். வடக்கே போகப் போகக் கோடையில் பகல் நீளும். நீண்ட பகலில் வெப்ப நாட்டு மக்காச்சோளம் பூக்கத் தாமதிக்கும், அதற்குள் குளிர் வந்துவிடும். பூப்பதைத் தள்ளிப்போடும் ஒரு ஜீனின் வாசலில் தாவும் துண்டு ஒன்று விழுந்து, அதை அடக்கிவிட்டதால்தான் பயிர் வடக்கே பரவ வழி பிறந்தது என்று 2013-இல் கண்டார்கள். அந்தத் துண்டு, பீட்டர்சனும் மெக்ளின்டாக் அம்மையாரும் தனித்தனியே கண்டார்கள் என்று சொன்னேனே, அதன் குலத்தைச் சேர்ந்தது.

இதுவரை நான் சொன்னது எல்லாம் மதகு கதை. துண்டு ஜீனுக்கு அருகில் நின்று அதை ஏற்றியது, இறக்கியது. துண்டே ஜீனாக மாறுமா? அதுதான் கெட்டிக் கேள்வி.

1978-இல் டொனால்ட் ராபர்ட்சன் என்பவர் மக்காச்சோளத்தில் இன்னொரு குலத்தைக் கண்டார். எக்கச்சக்கமாகத் தாவிப் பல ஜீன்களைக் கெடுத்ததால் அதற்கு 'மாற்றி' என்று பொருள்படப் பெயர். நெல்லில் இந்தக் குலத்து உறவினரைத் தேடியபோது, 2004-இல் ஒரு விந்தை வெளிப்பட்டது. 3,000-க்கும் அதிகமான துண்டுகள் தங்கள் வயிற்றுக்குள் செடியின் சொந்த ஜீன்களின் பகுதிகளை வைத்துக்கொண்டிருந்தன. 1,000-க்கு மேற்பட்ட ஜீன்களிலிருந்து கிள்ளியது. சிலதில் ரெண்டு மூணு ஜீன்களின் பகுதி ஒன்றாக ஒட்டியிருந்தது. காளையும் வண்டியுமாக ஊர் ஊராகப் போகிறவர் இங்கே ஒரு சாமான், அங்கே ஒரு சாமான் ஏற்றிக்கொண்டு போவது போல. ஆகா, புது ஜீன் தயாரிக்கும் பட்டறையே இதுதான் என்று பலர் குதித்தார்கள். மறு வருஷமே வேறு ஆராய்ச்சியாளர்கள், இவற்றில் பெரும்பாலானவை உயிரற்ற ஒட்டுப்போட்ட துணிதான், வேலை செய்யும் ஜீன் அல்ல என்று எழுதினார்கள். பிற்பாடு சிலதிலிருந்து புரதம் உண்டாவதற்கான அடையாளமும் கிடைத்தது. என் அபிப்பிராயம் என்னவென்றால், ஆயிரத்தில் சில தேறும். சில தேறினாலே, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது சாமானிய விஷயம் இல்லை.

சந்தேகத்துக்கு இடம் இல்லாத சாட்சி வேறு பக்கத்திலிருந்து வந்தது. தாவும் துண்டு எப்படித் தாவுகிறது? தன்னைத்தானே வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவதற்கு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் முதலில் டி.என்.ஏ.வைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், பிறகு வெட்ட வேண்டும். பிடிப்பதற்கு அடையாளமாகத் துண்டின் இரு முனையிலும் ஒரு குறி இருக்கும். காலப்போக்கில் முனைக் குறி அழிந்துவிட்டால், துண்டு இனி எழுந்திருக்க முடியாது. வெட்டும் சக்தியும் போய்விடலாம். ஆனால் டி.என்.ஏ.வைப் பிடிக்கிற கை மிச்சம் இருக்கும். வண்டி முறிந்துபோனாலும் அதன் நுகத்தடியை எடுத்து ஏர் பூட்டுகிறோம் இல்லையா? அது மாதிரி, அந்தக் கையைச் செடி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. டி.என்.ஏ.வைப் பிடிப்பவர் ஜீன்களைத் திறக்கவும் மூடவும் செய்யலாமே!

இது கற்பனை அல்ல. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடியை விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதில், ஒளியை அறிந்து நடக்க உதவும் இரண்டு ஜீன்கள், ராபர்ட்சன் கண்ட 'மாற்றி' குலத்திலிருந்து வந்தவை என்று 2007-இல் உறுதியானது. அதே குடும்பத்து ஜீன்கள் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் உண்டு. அதே சின்னச் செடியில், தூண்டியின் குலத்திலிருந்து வந்த ஒரு ஜீன் இல்லாவிட்டால் செடி சரியாக வளர்வதே இல்லை என்று 2005-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். நெல்லில் அதன் உடன்பிறப்புகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கு 'ரைஸ் ஸ்லீப்பர்' என்று பெயரிட்டு, 2012-இல் வெளியிட்டார்கள். அவை பழுதானால் நெற்பயிரின் வளர்ச்சி ஒழுங்காக நடப்பதில்லை. தூங்குகிறவர் என்று பெயர் வைத்தாலும் தூங்கவில்லை, வேலை பார்க்கிறார். மெக்ளின்டாக் அம்மையார் 1940-களில் தம் மக்காச்சோள வயலில் கண்ட தூண்டிக்குத் தூரத்து உறவான ஒன்று, தாவுவதை விட்டுவிட்டு, நாம் நடுகிற நாற்றுக்குள் குடியிருக்கிறது. அம்மையார் இதைப் பார்க்க இல்லை. 1992-இல் காலமானார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செடியின் வளர்ச்சி முழுவதையும் இந்தத் துண்டுகள் ஆள்வதில்லை. ஆயினும், குப்பை என்று ஒதுக்கியவர்களைவிட அவர் உண்மைக்குப் பக்கத்தில் நின்றார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"சார், இது அந்த மரபணு மாற்றுப் பயிர் சமாசாரமா?" என்று யாராவது கேட்கக்கூடும். இல்லை. நான் சொன்னது எதையும் ஆய்வுக்கூடத்தில் யாரும் நுழைக்கவில்லை. எல்லாம் செடிக்குள் தானாக நடந்தது. இப்போதும் நடக்கிறது. ஜப்பானில் உள்ள கிம்போசு என்ற பழைய நெல் வகைகள் சிலவற்றில், 430 எழுத்தே உள்ள ஒரு குட்டித் துண்டு 1,000-க்கும் அதிகமான பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. அங்கே ஒரு தலைமுறைக்கு ஒரு செடியில் சுமார் 40 புது இடத்தில் போய் உட்காருகிறதாம். அப்படி அது உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சில ஜீன்கள், குளிருக்கும் உப்புக்கும் எதிர்வினை காட்டத் தொடங்கியதை 2009-இல் பார்த்தார்கள். பயிர் அழியாமல் இவ்வளவு தாவலைத் தாங்குகிறதே என்பது தனி ஆச்சரியம். பெரும்பாலும் ஜீனுக்குள் விழாமல் அருகில் விழுவதால் தப்பிக்கிறது.

கடைசியாக, நமக்கு நெருக்கமான சோளத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். வேர் கட்டையாக நின்றுவிடும், எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் எடுக்காது. பிரேசில் நாட்டில் இப்படிப்பட்ட நிலம் பரந்து கிடக்கிறது. சில சோள ரகங்கள் மட்டும் அதில் தாக்குப்பிடித்து வளர்ந்தன. காரணம் தெரியுமுன்பே அவற்றை விவசாயிகளும் இனவிருத்தி செய்கிறவர்களும் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். பிரேசில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கார்னெலில் இருந்த விஞ்ஞானிகளும் சேர்ந்து 2007-இல் காரணத்தைக் கண்டார்கள். தாங்கும் ரகங்களின் வேர்நுனியில் ஒரு ஜீன் சிட்ரேட் என்ற புளிப்புப் பொருளை வெளியே விடுகிறது. அது அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்த ஜீனின் வாசலில் ஒரு குட்டித் தாவும் துண்டு அடங்கிய பகுதி, ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை வருகிறதோ, அவ்வளவுக்கு வேரின் தாங்கும் சக்தியும் கூடியிருந்தது. கிழக்கு ஆசியாவின் பார்லிப் பயிரிலும், வேறொரு துண்டு இதே மாதிரி ஒரு ஜீனை வேர்நுனிக்கு இழுத்து வந்து, இதே வேலையைச் செய்ய வைத்திருப்பது 2012-இல் தெரிந்தது. இரண்டு பயிர், இரண்டு நாடு, ஒன்றையொன்று அறியாமல் ஒரே தீர்வு. சோளத்தில் இப்போது இனவிருத்தி செய்கிறவர்கள் இந்த ஜீனை அடையாளமாக வைத்து, நாற்றிலேயே டி.என்.ஏ.வைப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.